கயிற்றில் தொங்கிய ஹாட்ஸ்பாட்

ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வராத ஒரே அலை, செல்போன் அலை. மற்றதெல்லாம் தாராளமாக வரும். விடியற்காலையில் காற்று வாகாக அடித்தால் வண்டலூர் மிருகக்காட்சி சாலைச் சிங்கத்தின் உறுமல் படுக்கையறை வரைக்கும் வரும். ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகளின் ஹாரன் வரும். மூன்று தெரு தள்ளியிருக்கும் கல்யாண மண்டபத்தின் நாதஸ்வரம், மைக் டெஸ்ட் உட்பட வரும். பிளாட்டை விற்றவர் காட்டிய வண்ணப் புத்தகத்தில் லிஃப்ட் இருந்தது, நீச்சல் குளம் இருந்தது, ஒரு வெள்ளைக்காரக் குடும்பம்கூட நாய்க்குட்டியோடு நடந்து போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்குள் டவர் எடுக்குமா என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் வருமா என்று கேட்டோம். அதற்கு அவர் சொன்ன பதிலே பொய் என்பதால், கேட்டிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது.

எங்கள் பிளாட் முதல் மாடியில். இரண்டு பக்கமும் கை நீட்டினால் தொடும் தூரத்தில் வேறு கட்டடங்கள். செல்போனில் கோடுகள் தெரிய வேண்டுமானால் மூன்றாவது மாடியைத் தாண்டி மொட்டை மாடிக்குப் போக வேண்டும். கேபிள்காரர் போட்டுக் கொடுத்த பிராட்பேண்ட் உண்டு. மழை இல்லாத மாதங்களில் அது நன்றாகவே ஓடும். மழை பிடித்ததும் யாருக்காவது எங்கள் தெருவைத் தோண்டிப் பார்க்க ஆசை வந்துவிடும். தோண்டினால் கேபிள் அறும். மாடிக்குப் போய் போன் செய்தால், "ஏரியா ஃபுல்லா கட்டு மேடம், ஆளு வந்துகினே கீறாரு" என்பார் கேபிள்காரர். அந்த ஆள் மழை முடியும் வரைக்கும் வந்துகொண்டே இருப்பார்.

இந்தப் பிரச்சினையைத் தீர்க்கும் பொறுப்பை என் கணவர் எடுத்துக்கொண்டார். தாம்பரத்தில் ஒரு அலுவலகத்தில் சூப்பரிண்டெண்டன்டாக இருக்கிறார். தினமும் ரயிலில் கால் மணி நேரம் போக, கால் மணி நேரம் வர. அந்தப் பெட்டியில் சீசன் டிக்கெட்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு கூட்டமாக ஏறுவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆப்புக்குக் கொள்கை பரப்புச் செயலாளர். "மச்சான், இத்தப் போட்டுப் பாரு, எங்க வூட்ல சும்மா பிச்சிகினு போவுது" என்று யாராவது சொன்னால் போதும், அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு புது ஆப் வந்துவிடும். அதை இறக்க நெட் வேண்டும். அதனால் சட்டையைக்கூடக் கழற்றாமல் மொட்டை மாடிக்குப் போய் இறக்கிக்கொண்டு வருவார்.

முதலில் வந்தது சிக்னலைப் பெருக்கும் ஆப். நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் ஒரு ராக்கெட் கிளம்பி மேலே போகும். உச்சிக்குப் போனதும் "வாழ்த்துகள், உங்கள் சிக்னல் வலுவாகிவிட்டது" என்று எழுத்து வரும், கூடவே தலைமுடி எண்ணெய் விளம்பரம் ஒன்று வரும். சிக்னல் இல்லாத வீட்டில் விளம்பரம் மட்டும் எப்படி வந்து சேர்ந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவள். போனுக்குள் இருக்கும் ஆன்டெனாவை ஒரு ஆப் எப்படி நீட்டும் என்று கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு ராக்கெட்டை இன்னொரு தரம் விட்டார்.

அடுத்தது, டவர் இருக்கும் திசையைக் காட்டும் ஆப். அதில் ஒரு அம்புக்குறி. அந்த அம்பு போன வழியே வீடெல்லாம் சுற்றிய என் கணவர் கடைசியில் பாத்ரூமில் போய் நின்றார். அங்கே உண்மையாகவே ஒரு கோடு தெரிந்தது. அதன் பலனாக என் பள்ளியின் ஆன்லைன் கூட்டம் ஒன்றை நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முடித்தேன். "மிஸ், உங்க பின்னாடி டைல்ஸ் நல்லா இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார் தலைமையாசிரியை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று ராத்திரி அந்த அம்பை நானே அழித்துவிட்டேன்.

பிறகு, நாம் வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் ஆப் ஒன்று. அதைப் போட்டதும் என் கணவர் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். நெட் வேகம் அப்படியேதான் இருந்தது. பேங்க் ஆப் மட்டும் பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டது. தான் ஊரப்பாக்கத்தில்தான் இருப்பதாக நிரூபிக்க, ஆதார் அட்டையோடு கிளைக்குப் போய் அரை நாள் வரிசையில் நின்றுவிட்டு வந்தார்.

ஆனால் அவருக்கு உயிருக்கு உயிரானது, நெட் வேகத்தை அளக்கும் ஆப்தான். ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி ஒரு முள், அழுத்தினால் விர்ரென்று ஏறி இறங்கும். பல் விளக்கும் முன் ஒரு தரம், காபிக்குப் பின் ஒரு தரம், காரணமே இல்லாமல் நாலு தரம். ஒவ்வொரு தரம் அளப்பதற்கும் டேட்டா ஏகமாகச் செலவாகும் என்று அந்த ஆப்பிலேயே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. சின்ன எழுத்தைப் படிக்கிற பழக்கம் அவருக்கு இருந்திருந்தால் நாங்கள் இந்த பிளாட்டையே வாங்கியிருக்க மாட்டோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். இத்தனை ஆப்களையும் தாண்டி உருப்படியாக வேலை செய்த ஒரே உபாயத்தையும் அவர்தான் கண்டுபிடித்தார். அது துணி காயப்போடும் நைலான் கயிறு. போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மஞ்சப்பையில் வைத்து, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கயிறு கட்டி மெதுவாக இறக்குவார். இரண்டாவது மாடி ஜன்னலுக்குக் கொஞ்சம் மேலே ஒரு இடம் இருக்கிறது. அங்கே தொங்கினால் பைக்கு மேலிருந்து டவரும் கிடைக்கும், கீழே எங்கள் கூடத்துக்கு வைஃபையும் கிடைக்கும். ஒரு சாண் இறங்கினால் டவர் போய்விடும், ஒரு சாண் ஏறினால் வைஃபை போய்விடும். அந்த அளவுக்குக் கயிற்றில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். இரண்டாவது மாடி அக்கா முதல் நாள் ஜன்னலைத் திறந்து, "இன்னா சார், கிணத்துல வாளி வுடற மாதிரி வுடறீங்க?" என்று கேட்டார். பிறகு அவருக்கும் பழகிவிட்டது.

இனி என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களோடுதான் இருக்கிறார். மிஷன் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலி, படி ஏற முடியாது. எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாட்டு ஒன்று, வேதப் பகுதி ஒன்று, பிறகு மாமியாரின் ஜெபம். இந்த ஜெபத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. யாரிடம் என்ன குறை இருந்தாலும் அவர் அந்த ஆளிடம் நேரில் சொல்ல மாட்டார். ஏழு மணி வரை பொறுத்திருந்து ஆண்டவரிடம் சொல்வார். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். "தகப்பனே, இந்த வீட்டு சாம்பாரில் மூன்று நாளாக உப்பு கூடியிருப்பதைத் தேவரீர் அறிந்திருக்கிறீர்." "என் மூத்த மகன் பரணைச் சுத்தம் பண்ண வேண்டிய பெலனை இந்தச் சனிக்கிழமையாவது அவனுக்குத் தாரும்." ஆமென் சொல்லும் வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கண்ணையும் திறக்கக் கூடாது. பதில் பேச முடியாத இடத்தில் வைத்துத் திட்டு வாங்குவது எப்படி என்று என்னைக் கேட்டால் ஒரு புத்தகமே எழுதுவேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம்.

கோபத்தை மட்டுமல்ல, எதையுமே அவர் நேராகச் சொன்னதில்லை. எனக்குப் பிரசவம் ஆனபோது பட்ட சந்தோஷத்தையும் ஆண்டவரிடம்தான் சொன்னார். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டேன்.

அவருடைய இளைய மகன், என் கொழுந்தன், ஆறு வருஷத்துக்கு முன் தான் விரும்பிய பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். அம்மா கூடையில் மீன் விற்று அவளை நர்ஸிங் படிக்க வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில், இயேசுவின் சீஷர்களில் பாதிப் பேர் கடலில் வலை போட்டவர்கள் என்று கேட்கும்போது என் மாமியார் கண் கலங்குவார். ஆனால் சம்பந்தி வீட்டார் வலை போடக் கூடாது. கல்யாணத்துக்குப் போகவில்லை. அந்தப் பெண் இந்த வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்றை மட்டும் அவர் ஆண்டவர் வழியாகச் சொல்லாமல் அவனிடமே சொன்னார் என்று நினைவு. இருவரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். வாரம் ஒரு தரம் மகனோடு வீடியோவில் பேசுவார். பின்னால் அந்தப் பெண் நடந்து போனால், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். ஆனால் நானும் வாயைத் திறந்து எதுவும் சொன்னதில்லை.

போன மழைக்காலத்தில் கொழுந்தனுக்கு இருதய வால்வில் ஆபரேஷன் என்று முடிவானது. எங்களுக்குச் சாயங்காலம் ஏழரை, அவனுக்குக் காலை ஒன்பது, அப்போது உள்ளே கொண்டுபோவார்கள். அதற்கு முன் அம்மா ஜெபம் பண்ண வேண்டும் என்று அவனே கேட்டிருந்தான். நாள் நெருங்க நெருங்க மாமியார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். ஆபரேஷன் அன்று காலையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்று, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு லைன் கட் ஆகக் கூடாது. அவன்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு" என்றார். எனக்குத் தோசைக் கரண்டி கையில் நின்றுவிட்டது. அவர் எதைச் சொல்லப் போகிறார் என்று தெரியும். ஜெபத்தில்தான் சொல்வார், ஒரு தரம்தான் சொல்வார் என்பதும் தெரியும்.

முந்தின நாளே தெருவைத் தோண்டி கேபிளை அறுத்துவிட்டிருந்தார்கள். அதனால் கயிறுதான் கதி. என் கணவர் லீவு போட்டுவிட்டு மத்தியானத்திலிருந்து மொட்டை மாடியில் இருந்தார். கயிற்றை இறக்கிப் பார்ப்பது, ஏற்றிப் பார்ப்பது, முள்ளை ஓடவிட்டு அளப்பது. "சூப்பர் ஸ்பீடு, கவலையே படாத" என்று படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். நானும் நம்பினேன், என்ன செய்வது.

ஏழு மணிக்கு மாமியாரின் டேப்லெட்டில் கொழுந்தன் தெரிந்தான். ஆஸ்பத்திரி உடுப்பு, முகம் வெளுத்திருந்தது. படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. மாடியிலிருந்து இறங்கி வந்திருந்த என் கணவர் என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். பாட்டு வேண்டாம், நேரமில்லை என்று சொல்லிவிட்டு மாமியார் ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினோம், அங்கே அவனும். நான் மட்டும் அரைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். அடுப்பில் பால் வைத்திருக்கும் வீட்டில் யாராவது ஒருத்தி அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கிறது.

ஸ்தோத்திரம், கனடாவின் மருத்துவர்கள், அவர்களுடைய கைகள், கருவிகள் என்று ஜெபம் போய்க்கொண்டிருந்தது. திரையில் கொழுந்தன் தலை குனிந்து அசையாமல் இருந்தான். எவ்வளவு பக்தி என்று நினைத்தேன். பிறகுதான் அவன் நெற்றியில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். லைன் போய்விட்டது. கண்ணை மூடி ஜெபிக்கிறவனும் திரையில் உறைந்து நிற்கிறவனும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள். எப்போது போனது என்றே தெரியவில்லை.

காலால் என் கணவரின் காலை இடித்தேன். இடம் போதவில்லை என்று நினைத்து அவர் காலை மடக்கிக்கொண்டார். இன்னொரு தரம் இடித்தேன், நகர்ந்து உட்கார்ந்தார். அதற்குள் மாமியாரின் குரல் மாறிவிட்டது. நடுவில் நிறுத்தினால் அந்த வார்த்தை திரும்ப வெளியே வராது. எழுந்து மாடிக்கு ஓடினால் சொல்லி முடித்துவிடுவார், அது காற்றோடு போய்விடும். மடியில் என் போன் இருந்தது. வாய்ஸ் மெசேஜ் பொத்தானை அழுத்தி, மூச்சு விடாமல் அவர் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்தேன்.

"தகப்பனே, என் மூத்த மருமகள் ஜெப நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதையும் தேவரீர் அறிந்திருக்கிறீர்" என்றார். அதுவும் பதிவானது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே, ஆறு வருஷமா என் மனசைக் கல்லாக்கி வெச்சிருந்தேன். அந்தப் பிள்ளை என் வாசப்படி ஏறக் கூடாதுன்னு சொன்ன வாய் இது. நான் நிக்க வேண்டிய இடத்துல இன்னிக்கு அந்தப் பிள்ளை நிக்குது. தனியா நிக்குது. நான் செஞ்சது தப்பு. என் மகனை அந்தப் பிள்ளை கையிலதான் ஒப்புக்கொடுக்கிறேன். ரெண்டு பேரையும் என் வாசலுக்குக் கூட்டிட்டு வாரும்." ஆமென் என்று சொன்னதும் கண்ணைத் திறந்தார். மகனைப் பார்த்தார். அவன் தலை நிமிரவில்லை.

"என்னடா, ஆமென் சொல்லிட்டேனே" என்றார்.

என் கணவர் டேப்பைப் பார்த்தார், முகம் செத்துவிட்டது. "அம்மா, லைன்..." என்று இழுத்தார். "எப்போ போச்சு?" என்று மாமியார் கேட்டார். நான் சொன்னேன், "நீங்க டாக்டருங்களுக்கு ஜெபம் பண்ணும்போதே அத்தை." அவர் கையில் இருந்த வேதத்தை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.  அதற்குள் என் கணவர் மாடிக்கு ஓடிப் பையை இழுத்து, போனைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே கத்தினார், "இன்னிக்கு டேட்டா முடிஞ்சிருச்சாம்! மெசேஜ் வந்திருக்கு!" மத்தியானத்திலிருந்து வேகத்தை அளந்தே ஒரு நாள் டேட்டாவையும் தீர்த்திருந்தார். திட்ட நேரம் இருந்திருந்தால் அன்று இரண்டாவது மாடி அக்காவுக்கும் கேட்டிருக்கும்.

நான் என் போனை எடுத்துக்கொண்டு படியேறினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஏழு இருபத்தெட்டு. அனுப்பினேன். ஒரு டிக். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் நான் கிண்டல் செய்த அத்தனை பேரையும் போலத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தேன். இரண்டு டிக். ஏழு முப்பத்தொன்று. ஏழு முப்பத்தைந்து. அவன் கேட்காமலே உள்ளே போய்விட்டான் என்று மனசுக்குள் நிச்சயமாகிவிட்டது. வாய்விட்டு அழுதேன். மழையில் யாருக்குத் தெரியப் போகிறது.

அப்போது அந்த டிக்குகள் நீலமாயின. கொஞ்ச நேரத்தில் அவன் போனிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அவன் குரல் இல்லை, அந்தப் பெண்ணின் குரல்.

"அக்கா, அவர உள்ள இட்டுகினு போய்ட்டாங்க. நெட்டு போனது தெரியாம கண்ண மூடிகினே இருந்தாரு. அப்படியே தள்ளிகினு போய்ட்டாங்க. போனு எங்கிட்டதான் கீது. நான் கேட்டுட்டேன்கா. ரெண்டு வாட்டி கேட்டேன். அத்தை பேசினத..." அதற்கு மேல் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான்.

கீழே ஓடி, ஈரத்தோடு மாமியார் முன்னால் நின்று அதைப் போட்டேன். ஆறு வருஷத்தில் அந்தக் குரலை அவர் முழுசாகக் கேட்டது அன்றுதான். கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். பிறகு என் கையிலிருந்த போனைப் பார்த்து, "இதுல எங்க பேசணும்?" என்று கேட்டார். விரலைப் பிடித்துப் பொத்தானில் வைத்தேன்.

அவர் கண்ணை மூடவில்லை. ஆண்டவரைக் கூப்பிடவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றார். அவ்வளவுதான்.

அதைத் தூக்கிக்கொண்டு மறுபடி மூன்று மாடி ஏறினேன். பதிலோடு இறங்கினேன். "இன்னும் இல்ல அத்தை, அவரு வரட்டும்." உடனே மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து, பழைய தலைமையாசிரியைக் குரலில் பிடித்துக்கொண்டார். "ஆபரேஷன்னா நாலஞ்சு மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் வெறும் வயித்தோட இருப்பியா? அவன் வெளிய வரும்போது நீ மயங்கி விழுந்தா யாரு பார்க்கிறது? நர்ஸுக்குப் படிச்ச பொண்ணுதானே நீ, இது தெரிய வேணாமா? போ, முதல்ல போய் ஏதாவது சாப்பிடு." நான் மறுபடி ஏறினேன். அன்று எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று எண்ணவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்ற செய்தியும் என் கைவழியாகத்தான் அந்த வீட்டுக்குள் வந்தது.

இப்போது கேபிள் சரியாகிவிட்டது. மாமியாரும் அவளும் தினமும் வீடியோவில் பேசுகிறார்கள். மாமியார் அவளை நேராகவே திட்டுகிறார், முகத்தைப் பார்த்து, பெயரைச் சொல்லி, ரசத்துக்கு ஏன் பூண்டு போடவில்லை என்று. அவளும் சிரித்துக்கொண்டே பதிலுக்குப் பதில் பேசுகிறாள். நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன், பொறாமையாகத்தான் இருக்கும், மறைப்பானேன். பிறகு ஏழு மணி ஆகும், நான் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வேன், என்னைப் பற்றிய புகார் வழக்கம் போல ஆண்டவரிடம் போகும்.